மூன்றாவது பீப்பாய்

கதவைத் திறந்ததும் வைஜயந்திக்குக் கேஸ் வாடை முகத்தில் அடித்தது. பள்ளிக்கூடப் பையைத் தோளிலிருந்து இறக்கக்கூடத் தோன்றாமல் அடுக்களைக்குள் ஓடினாள். பால் பொங்கி வழிந்து, தீயை அணைத்து, அடுப்பு மேடையில் ஏடாகக் காய்ந்து கிடந்தது. குமிழ் திறந்தே இருந்தது. அதைத் திருகி மூடினாள். ஜன்னலைத் திறந்தாள், பால்கனிக் கதவைத் திறந்தாள், பழக்கத்தில் மின்விசிறி சுவிட்சுக்குப் போன கையைப் பாதியிலேயே இழுத்துக்கொண்டாள். அதற்கப்புறம்தான் திரும்பிப் பார்த்தாள். அடுக்களை வாசலை ஒட்டிய சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு அவள் கணவன் அச்சுதன் நிதானமாக ஏதோ தட்டிக்கொண்டிருந்தான்.

"வந்துட்டியா? பால் வெச்சிருக்கறேன். காப்பி போட்டுக்கலாம்," என்றான், தலையைத் தூக்காமலே.

"ஏனுங்க, வீடே நாறுது. உங்களுக்கு ஒண்ணுமே தெரியலீங்களா?"

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். பிறகு திறந்த ஜன்னலை. பிறகு அடுப்பை. எழுந்து போய் அடுப்பருகே குனிந்து மூக்கை உறிஞ்சிப் பார்த்தான். மறுபடியும் உறிஞ்சினான். மேடையைத் துடைக்கத் துணியை எடுத்தவன், துணி கையிலேயே இருக்க, அப்படியே நின்றுவிட்டான்.

"அடிபட்டதுல இருந்தே தெரீல, வைஜி," என்றான். "எதுவுமே தெரீல."

ஜூன் மாதத்து முதல் மழையில் பாஷாண் ரோட்டில் அவன் ஸ்கூட்டரோடு சறுக்கி விழுந்திருந்தான். வார் மாட்டாத ஹெல்மெட் தனியாக உருண்டுபோக, பின்மண்டை தாரில் மோதியது. ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றார்கள். தையல் போட்டு அனுப்பினார்கள். பார்க்க வந்தவர்களெல்லாம் தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று சொல்லிவிட்டுக் காப்பி குடித்துப் போனார்கள். அந்த வாரம் சோறு மண்ணாக இருந்ததை மாத்திரையின் வேலை என்றுதான் அவனும் நினைத்திருக்கிறான். மாத்திரை நின்ற பிறகும் மண் மண்ணாகவே இருந்தது. வைஜயந்திக்கு இப்போது ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. புளித்துப்போன சட்னியை ஒரு வார்த்தை சொல்லாமல் தொட்டுச் சாப்பிட்டது, ரசத்துக்குப் பெருங்காயம் போட மறந்த அன்று இரண்டாம் முறை வாங்கிக் குடித்தது. சாப்பாட்டில் குற்றம் கண்டுபிடிக்காமல் ஒரு நாளும் எழுந்திராத மனுஷன், விபத்துக்கப்புறம் கனிந்துவிட்டான் என்று அவள் உள்ளூரச் சந்தோஷப்பட்டிருந்தாள்.

அவளிடம் சொல்லாமல் அவன் தனியாக ஒரு டாக்டரைப் பார்த்துவிட்டும் வந்திருந்தான். மண்டை குலுங்கியதில் மூக்கிலிருந்து மூளைக்குப் போகிற மெல்லிய நரம்புகள் அறுந்திருக்கலாம் என்று அவர் சொல்லியிருந்தார். துளிர்த்தாலும் துளிர்க்கும், இல்லாவிட்டால் இல்லை. ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும்.

வேறு ஒருவனுக்கு இது வருத்தத்தோடு போயிருக்கும். அச்சுதனுக்கு மூக்குதான் பிழைப்பு. பொள்ளாச்சியில் வைஜயந்தியின் வீட்டார் மாப்பிள்ளை பூனாவில் ஜூஸ் கம்பெனியில் பெரிய வேலையில் இருப்பதாகத்தான் ஒறம்பறைச் சொந்தங்களிடம் சொல்லிவந்தார்கள். அது முழுப் பொய்யும் இல்லை; பார்லியை ஊறவைத்து எடுக்கும் சாறு ஒரு கட்டம் வரைக்கும் ஜூஸ்தான். பிறகுதான் அது பியராகிறது. பௌட் ரோட்டில், பூகாவ் தாண்டி, மலையடிவாரத்துத் தகரக் கொட்டகையில் ஸ்நேஹா என்ற மராத்திப் பெண் நடத்தும் சிறிய பியர் ஆலையில் அவன்தான் தலைமைக் காய்ச்சுநர். பீப்பாய் வாங்க இருவரும் கோவாவுக்குப் போனபோது, காலிப் பீப்பாய் ஒவ்வொன்றின் வாயிலும் மூக்கை வைத்து, "இது வேண்டாம், உள்ளே பூஞ்சைக் காளான் இருக்கிறது. இது நல்லது" என்று அவன் பிரித்து வைத்ததை ஸ்நேஹா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வாள். அவனைவிட இளையவள். அவனை 'அச்யுத்தாதா' என்றும், வைஜயந்தியை 'வஹினி' என்றும் கூப்பிடுவாள். தன் கணவனை ஒருத்தி தாதா என்று கூப்பிடுவதைக் கேட்டு வைஜயந்தி முதல் முறை சிரித்தே விட்டாள். மராத்தியில் அது வெறும் அண்ணன்தான்; வஹினி என்றால் அண்ணி.

அந்தப் பீப்பாய்களில்தான் இப்போது சிக்கல். பார்லியைக் கருகும் அளவுக்கு வறுத்துக் காய்ச்சுகிற கறுப்பு பியரை ஸ்டவுட் என்பார்கள். அதில் சட்டம் எவ்வளவு காட்டத்துக்கு இடம் தருகிறதோ அதன் விளிம்புவரை போய், போன வருஷ மழைக்காலத்தில் ஒரு பெரிய ஈடாகக் காய்ச்சி, விஸ்கி ஊறிக் காலியான ஐந்து ஓக் பீப்பாய்களில் ஊற்றி அடைத்திருந்தார்கள். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்தான் என்றாலும், ஒவ்வொரு பீப்பாயும் ஒவ்வொரு விதமாக வளரும். கணபதி விழாவுக்கு முன்னால் ஐந்தையும் ருசி பார்த்து, எது தனியாக நிற்கும், எதை எதோடு கலக்கலாம், எதைக் கொட்ட வேண்டும் என்று தீர்மானித்தாக வேண்டும். ஆலையின் பெயர் வெளியே தெரியப்போவது இந்தச் சரக்கால்தான் என்று ஸ்நேஹா நம்பியிருந்தாள். ருசி பார்த்துச் சொல்ல வேண்டியவன் அச்சுதன்.

"அவங்ககிட்டச் சொல்லீருங்க," என்றாள் வைஜயந்தி.

"சொன்னா? மூக்கில்லாதவன வெச்சு அவ என்ன பண்ணுவா?" அவன் பால் ஏட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தான். "நாக்கு இருக்குது. இனிப்பு, கசப்பு, புளிப்பு எல்லாம் அப்புடியே இருக்குது. வாசம் மட்டும்தான் வேணும்." அதற்குமேல் அவன் கேட்கவில்லை. மறுநாள் பொழுதோட ஆலையிலிருந்து வரும்போது பைக்குள் மருந்து பாட்டில் அளவுக்கு ஒரு சின்னப் புட்டி இருந்தது. அதை எடுத்து அவள் முன்னால் மேசைமேல் வைத்தான்.

வைஜயந்தி அதுவரை மதுவை நாக்கில் வைத்ததில்லை. அது தப்பு என்று நினைத்ததால் அல்ல; அந்தப் பக்கம் அவளுக்கு வேலை இருந்ததில்லை, அவ்வளவுதான். ஔந்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறாள். ஒரு விடை சரி, மற்றதெல்லாம் தப்பு என்கிற உலகம் அவளுடையது. கோப்பையில் ஊற்றியதும் அது பியர் மாதிரியே இல்லை. வண்டி எண்ணெய் மாதிரி கனமாக இறங்கியது. விளிம்பில் கட்டிய நுரை வெல்லப் பாகின் நிறத்தில் இருந்தது.

"சித்த நேரம் குளுரு விடட்டும். குளிரோட மோந்தா ஒண்ணும் தெரியாது," என்றான். பிறகு, "இப்ப மோந்து பாரு. என்ன தோணுதோ அதையச் சொல்லு."

"பியர் வாசம்தான் வருது."

"பியர்னு சொல்லாத. வேற எது மாதிரி இருக்குது?"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். வகுப்பில் எழுப்பி நிறுத்தப்பட்ட பிள்ளை மாதிரி உணர்ந்தாள். "கருப்பட்டி," என்றாள் கடைசியில். "கருப்பட்டிய அடிப்பிடிக்க விட்ட மாதிரி."

அவன் முகம் மலர்ந்தது. அவள் கையிலிருந்து கோப்பையை வாங்கி ஒரு வாய் குடித்து நாக்கில் உருட்டினான். "இனிப்பு இருக்குது. அடில கசப்பு. நீ சொல்றது செரி. அப்பறம்?"

அப்படித்தான் ஆரம்பித்தது. நாக்கு அவனுடையது, மூக்கு அவளுடையது. பள்ளி விட்டு வந்து, முகம் கழுவி, மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்துகொள்வார்கள். ஆற்றுப் பக்கமிருந்து கணபதி ஊர்வலத்துக்கான டோல் மேளப் பயிற்சியின் இடி கேட்டுக்கொண்டிருக்கும். முதல் பீப்பாயிலிருந்து வந்த புட்டியில் அவளுக்குப் புது இரும்புப் பெட்டியைத் திறந்த வாசம் வந்தது. அவர்கள் கல்யாணத்துக்கு வாங்கிய பெட்டி, உள்ளே மரப்பட்டை போட்டது. இரண்டாவதில் கொப்பரைத் தேங்காயும், ஊறவைத்த பேரீச்சம்பழமும், எங்கோ பின்னால் தோல்செருப்புக் கடையும். அவள் சொல்லச் சொல்ல அவன் அதை இங்கிலீஷில் மாற்றி முணுமுணுத்து மனசில் ஏற்றிக்கொள்வான். முதலில் முகர்ந்து மட்டும் பார்த்தவள், மூன்றாம் நாளோ நாலாம் நாளோ ஒரு வாய் குடித்தாள். விழுங்காமல் துப்பினால் கசப்பு எங்கே முடிகிறது என்று தெரியாது என்று அவன் சொன்னான். காதுமடல் சூடானது. எட்டாம் வகுப்பில் ஒரு பெண் பித்தாகரஸ் தேற்றத்தை யாரோ சாமியாரின் போதனை என்று எழுதிவைத்ததை நினைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும் வரை சிரித்தாள். அவனும் சிரித்தான். எத்தனை காலத்துக்கப்புறம் இப்படி எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறோம் என்று அவளுக்குத் தோன்றியது. இத்தனை வருஷத்தில் அவன் தன் வேலையைப் பற்றி அவளிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை. இப்போது அவள் வாயிலிருந்து வரும் ஒவ்வொரு வார்த்தைக்கும் காத்திருந்தான். அவள் அதற்குப் பழகிப்போனாள். வகுப்பில் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போதே சாயங்காலத்தை எதிர்பார்க்கத் தொடங்கியிருந்தாள். சுண்ணக்கட்டிக்கு இப்படி ஒரு வாசம் இருப்பதே இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே என்று நினைத்தாள்.

ஒரு நாள் புட்டியை மூடி வைத்த பிறகு அவன் கேட்டான்: "உன்ர தலைல என்ன எண்ணெய் இப்ப? பழசேதானா?"

"பழசேதானுங்க. ஏன்?"

"சும்மாதான் கேட்டேன்," என்று சொல்லிவிட்டுக் கோப்பைகளைக் கழுவப் போனான். குழாயை மூடிய பிறகும் அவன் நெடுநேரம் அடுக்களையிலேயே நின்றிருந்தான். அவள் உள்ளே போகவில்லை.

மூன்றாவது பீப்பாயின் புட்டி வந்த அன்று பள்ளியில் பெற்றோர் கூட்டம். அவள் வருவதற்குள் இருட்டத் தொடங்கியிருந்தது. கோந்த்வாவில் அவளோடு வேலை பார்ப்பவரின் வீட்டு விசேஷத்துக்கு வேறு கிளம்ப வேண்டும். "நாளைக்குப் பாக்கலாம்," என்று அவன் சொன்னான். அவள்தான், சேலை மாற்றிக்கொண்டே, ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு கோப்பையில் ஊற்றினாள். குளிர்ந்த கோப்பையை மூக்கருகே கொண்டுபோனதும் அவள் முகம் விரிந்தது.

"பேரிக்காய்ங்க! நல்லாக் கனிஞ்ச பேரிக்காய். அதுக்கு அடில சாக்லேட். இதாங்க இருக்கறதுலயே ஒசத்தி."

அவன் ஒரு வாய் குடித்தான். "நாக்குல கொஞ்சம் சுடுதே," என்றான். இன்னொரு வாய் குடித்து யோசித்தான். "மரத்துல ஊறுன விஸ்கி காட்டமா இருக்கும். நெசமாவே பேரிக்காயா?"

"நெசமாலுங்க."

அவள் சந்தோஷத்தைப் பார்த்து அவனும் சந்தோஷப்பட்டான். நாலாவதும் ஐந்தாவதும் அதற்கப்புறம் வந்தன. ஆனால் மூன்றாவதைத்தான் மற்ற எல்லாவற்றுக்கும் முதுகெலும்பாக வைத்து ஐந்தையும் ஒன்றாகக் கலந்துவிடலாம் என்று அவன் ஸ்நேஹாவிடம் சொல்லியிருந்தான்.

கடைசி முடிவுக்கென்று வைத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்நேஹா அவளையும் அழைத்திருந்தாள். "வஹினி, நீங்களும் வாங்க. ஆயி பிட்லாவும் பாக்ரியும் கட்டி அனுப்புறாங்க." மழை விட்டிருந்தது. மலை முழுக்கப் பச்சை வழிந்தது. வைஜயந்தி பீப்பாய் அறையை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள். கொட்டகையின் பின்பக்கம், தடித்த சுவர் வைத்த, குளிர்ந்த சின்ன அறை. ஐந்து பீப்பாய்களும் மரக்கட்டைகளின்மேல் படுத்திருந்தன. ஒவ்வொன்றின் முகத்திலும் ஒரு எஃகு ஆணி. குறடால் ஆணியை உருவினால் நூல் போல ஒரு கறுப்புத் தாரை கோப்பைக்குள் விழும். போதுமானது வந்ததும் ஆணியைத் திருப்பிச் செருகிவிட வேண்டியதுதான். ஸ்நேஹா எல்லாவற்றிலிருந்தும் முன்னாலேயே பிடித்து, வெளிவாசலில் ஒரு மேசையில் குளிர் விட வைத்திருந்தாள்.

அச்சுதன் முதல் கோப்பையை எடுத்தான். அவன் கைகள் எதையும் மறக்கவில்லை. கோப்பையைச் சுழற்றினான், ஒரு குட்டி மூச்சு, பிறகு ஒரு நீண்ட மூச்சு, கண்ணை மூடி ஒரு கணம். பார்த்துக்கொண்டிருந்த வைஜயந்திக்கே ஒரு நிமிஷம் மூக்கு திரும்பிவிட்டதோ என்று தோன்றியது. "புதுசா ஒரு இரும்புப் பெட்டியத் தொறந்த மாதிரி இருக்கு. உள்ள மரப்பட்டை," என்று அவன் இங்கிலீஷில் சொன்னான்.

ஸ்நேஹா சிரித்தாள். "அரே தாதா, எப்பலேர்ந்து கவிதை எழுத ஆரம்பிச்சீங்க? முந்தியெல்லாம் வெனிலா, ஓக்குன்னு ரெண்டு வார்த்தை சொல்லிட்டுப் போயிடுவீங்களே." அவள் இந்தியும் இங்கிலீஷுமாகக் கலந்து பேசினாள். தானும் முகர்ந்து, யோசித்து, தலையை ஆட்டினாள். "ஆனா அது சரிதான். பெட்டி. நெஜமாவே பெட்டிதான்."

தன் வார்த்தை இன்னொருத்தியின் வாயில் உருள்வதைக் கேட்டு வைஜயந்திக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது. அடுத்த கணமே வெட்கமாகவும் இருந்தது. யாருக்கும் தெரியாமல் எதையோ எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டவள் போலப் புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

இரண்டாவது கோப்பையும் நன்றாகவே போயிற்று. மூன்றாவதை ஸ்நேஹாதான் முதலில் எடுத்தாள். மூக்கருகே கொண்டுபோனவள் சட்டென்று பின்வாங்கினாள். அச்சுதனிடம் நீட்டினாள். அவன் சுழற்றினான். குட்டி மூச்சு. நீண்ட மூச்சு. "இதான் ராஜா," என்றான். "கனிஞ்ச பேரிக்காய். ரொம்பச் சுத்தம்."

"இன்னொரு தடவ பாருங்க தாதா."

அவன் இன்னொரு தடவை பார்த்தான். "பேரிக்காய்தான்."

ஸ்நேஹா கோப்பையைத் திரும்ப வாங்கி மறுபடி முகர்ந்தாள். நெற்றி சுருங்கியது. "எனக்கு ரெண்டு நாளா ஜலதோஷம்," என்றாள் தனக்குத்தானே. "என் மூக்கைத்தான் நான் நம்பக்கூடாது போல. நீங்க கலக்கலாம்னா கலந்துடலாம். நாளைக்கே ஆரம்பிச்சுடலாம்." ஆனாலும் அவள் கை கோப்பையை மேசையில் வைக்கவில்லை. சும்மா நின்றிருந்தவளை ஒரு பேச்சுக்குச் சேர்த்துக்கொள்கிற மாதிரி, வைஜயந்தியிடம் நீட்டினாள். "வஹினி, நீங்க சொல்லுங்க. உங்களுக்கு என்ன வாசனை வருது?"

வைஜயந்தி கோப்பையை வாங்கினாள். அது கை வெதுவெதுப்புக்கு வந்திருந்தது. மூக்கருகே போவதற்கு முன்பே அது வந்துவிட்டது. நெயில் பாலிஷை அழிக்கிற திரவம். விடுதி அறையில் நாலு பெண்கள் சேர்ந்து உட்கார்ந்து நகத்தைத் துடைக்கும்போது கண்ணைக் கரிக்குமே, அது. அதற்கு அடியில், எங்கேயோ, அவளுடைய பேரிக்காயும் இருந்தது. குளிரில் ஒடுங்கிக் கிடந்தபோது பழமாக இருந்தது, சூடேறியதும் இப்படி விசுவரூபம் எடுத்திருந்தது. இரண்டும் ஒன்றேதான் என்பது அவளுக்கு அப்போது விளங்கியது. அவன் நாக்கில் சுட்டது விஸ்கி அல்ல.

நிமிர்ந்தாள். அச்சுதன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வையை அவளுக்குத் தெரியும். ஒரு மாசமாக மேசையின் எதிர்ப்பக்கத்திலிருந்து அவள் வார்த்தைக்காகக் காத்திருந்த பார்வை. பேரிக்காய் என்று சொல்லிவிட்டால் போதும். சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். நாளைக்கு இந்தப் பீப்பாயை மற்ற நாலிலும் கலந்துவிடுவார்கள். ஒரு வருஷம் ஊறிய அத்தனையும் இந்த நாற்றத்தோடு புட்டிக்குள் போகும். குடிக்கிற முதல் ஆளே முகத்தைச் சுளிப்பான். ஸ்நேஹா ஜலதோஷத்தை நினைத்துத் தன்னையே நொந்துகொள்வாள்.

"நெயில் பாலிஷ் ரிமூவர்," என்றாள் வைஜயந்தி, தன் அரைகுறை இந்தியில். "பேரிக்காய்னு சொன்னது நான். இவங்களா சொல்லல. நான் தப்பா சொல்லிட்டேன்." நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று தெரிந்ததால் நிறுத்தாமல் சொன்னாள். "இவங்களுக்கு வாசனை தெரியாது. விழுந்ததிலேர்ந்து."

கொட்டகையின் தகரத்தில் எங்கிருந்தோ சொட்டிக்கொண்டிருந்தது. ஸ்நேஹா அச்சுதனைப் பார்த்தாள். அவன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு கோப்பைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஜூன்லேர்ந்தா?" என்றாள் ஸ்நேஹா.

அவன் தலையசைத்தான்.

"போன வாரம் டேங்க் கழுவ ஆசிட் கலந்தீங்க. தனியா. கதவைச் சாத்திட்டு." அவள் குரல் உயரவில்லை. அதனாலேயே கேட்கக் கஷ்டமாக இருந்தது. "எங்கயாவது கசிஞ்சிருந்தா? உங்களுக்கு எப்படித் தெரிஞ்சிருக்கும்? நான் வஹினிகிட்ட என்ன சொல்லியிருப்பேன்?"

அவன் வெளியே போய்விட்டான். வைஜயந்தி பின்னாலேயே போகத் திரும்பினாள். ஸ்நேஹா அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஸ்நேஹாவின் கண் கலங்கியிருந்தது. கோபத்தாலா வேறெதனாலா என்று வைஜயந்தியால் சொல்ல முடியவில்லை.

மத்தியானம் அவனே திரும்பி வந்தான். கால்சட்டை முழங்கால்வரை சேறு. மூன்று பேரும் ஸ்நேஹாவின் அம்மா கட்டி அனுப்பிய பாக்ரி ரொட்டியைப் பிட்டுச் சாப்பிட்டார்கள். சாப்பிட்டு முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டே ஸ்நேஹா சொன்னாள்: டாக்டர் எழுதித் தரும்வரை ஆசிட் அறைக்குத் தனியாகப் போகக் கூடாது. ருசி பார்க்கும் வேலைக்கு வேறு யாரையாவது பார்ப்பாள். காய்ச்சுவது எப்போதும் போல அவன்தான், பக்கத்தில் ஒரு ஆள் இருக்கட்டும். "அதுக்கப்புறம் என்னன்னு எனக்குத் தெரியல தாதா. தெரியும்னு பொய் சொல்ல மாட்டேன்."

"மூணாவத நானே கவுத்துடறேன்," என்றான் அச்சுதன். தமிழில் சொன்னதை உணர்ந்து இந்தியில் திரும்பச் சொன்னான். அடைப்பைத் தட்டி எடுத்ததும், ஒரு வருஷம் இருட்டில் கிடந்தது குபுகுபுவென்று இறங்கிக் கால்வாயில் ஓடியது. ஸ்நேஹா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வைஜயந்தி மூக்கைப் பொத்திக்கொண்டாள். அவன் மட்டும் அதன் பக்கத்திலேயே குத்தவைத்து, கடைசிச் சொட்டு வரை பார்த்துக்கொண்டிருந்தான்.

வீட்டுக்குத் திரும்பும்போது அவள்தான் காரை ஓட்டினாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்," என்றான்.

"எப்புடிங்க கேக்கறது? கண்ணு முன்னால நிக்கறாங்க."

"பேரிக்காய்னு சொல்லீட்டு, அப்பறம் வீட்டுல வெச்சு எங்கிட்டச் சொல்லீருக்கலாம். நானே போயி அவகிட்ட..." வாக்கியத்தை அவனால் முடிக்க முடியவில்லை. போய்ச் சொல்லியிருப்பானா என்று அவனுக்கே சந்தேகம் வந்திருக்க வேண்டும். முன்னால் போன டெம்போவின் பின்விளக்கைப் பார்த்துக்கொண்டு வந்தான். கொஞ்சம் கழித்து, "நீ சொல்லோணும்னு நெனச்சேனா, சொல்லக்கூடாதுன்னு நெனச்சேனான்னு எனக்கே தெரீல," என்றான்.

அதற்கப்புறம் சில நாட்கள் வீட்டில் தேவைக்கு மட்டும்தான் பேச்சு. அவன் காலையில் ஆலைக்குப் போனான், நேரத்தோடு திரும்பினான், டிவி பார்த்தான். மேசையின் எதிர்ப்பக்கத்து நாற்காலி காலியாகவே கிடந்தது. அவளுக்கு அந்தச் சாயங்காலங்கள் இல்லாமல்போனது, வெளியே சொல்ல முடியாத அளவுக்கு வலித்தது. தான் சொன்னது சரி என்பதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் கணக்கில் சரியான விடை வந்த பிறகு நோட்டை மூடிவிடலாம். இங்கே மூட முடியவில்லை.

ஒரு சாயங்காலம் அவள் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது அவன் ஃப்ரிட்ஜைத் திறக்கும் சத்தம் கேட்டது. உள்ளே நாலாவது பீப்பாயின் புட்டி ஒன்று மிச்சமிருந்தது. அதை எடுத்து வந்து மேசையில் வைத்து, இரண்டு கோப்பைகளில் ஊற்றினான். உட்கார்ந்தான். இருவரும் அது குளிர் விடுவதற்காகக் காத்திருந்தார்கள். அவள் விடைத்தாள்களை ஒதுக்கிவிட்டுக் கோப்பையை எடுத்து, வழக்கம்போல மூக்கருகே கொண்டுபோய், வாயைத் திறந்தாள்.

"வேண்டாம்," என்றான். "இன்னைக்கு நீ எதுவும் சொல்லாத."

அவன் ஒரு வாய் குடித்தான். வெகு நேரம் வாயிலேயே வைத்திருந்தான். விழுங்கினான்.

"மொதல்ல இனிப்பு," என்றான் மெதுவாக. யாருக்கும் ஒப்பிப்பது போல இல்லை. களவுபோன வீட்டுக்குள் நுழைந்து எது மிச்சமிருக்கிறது என்று தொட்டுப் பார்ப்பவன் போல இருந்தது. "நாக்கு நுனீல. அப்பறம் கசப்பு வருது. பின்னால, ஓரத்துல. வந்து அங்கயே நிக்குது. நல்லாக் கனமா இருக்குது. எறங்கறப்ப நெஞ்சு வரைக்கும் ஒரு சூடு." கோப்பையைப் பார்த்தான். "அவ்வளவுதான். இவ்வளவுதான் இருக்குது எங்கிட்ட."

வைஜயந்தி அவனைப் பார்த்தாள். பிறகு இடது கையின் இரண்டு விரல்களால் தன் மூக்கை இறுக்கமாகப் பிடித்துக்கொண்டாள். வலது கையால் கோப்பையைத் தூக்கிக் குடித்தாள். கருப்பட்டி இல்லை, கொப்பரை இல்லை, எதுவுமே இல்லை. கறுப்பாக ஏதோ ஒன்று, முகமில்லாமல், நாக்கின்மேல் கனமாக வந்து உட்கார்ந்தது. இனித்தது. ஓரத்தில் கசந்தது. சூடாக இறங்கியது. அவன் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். மூச்சு முட்டி அவளுக்குக் கண்ணில் நீர் கட்டியது. விரலை எடுக்காமலே அடுத்த வாய்க்குக் கோப்பையைத் தூக்கினாள்.